மலையில் அடங்கும், சேலத்தில் எகிறும்: ஓர் ஆர்.எக்ஸ். 100-இன் ஐட்லிங் கோளாறு

என்னிடம் இருப்பது 1992ஆம் ஆண்டு யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக். வீடு சேலம் அஸ்தம்பட்டி, வேலை ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தின் கணக்கு அலுவலகத்தில். ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அந்த வண்டி அநேகமாக ஒவ்வொரு வேலைநாளும் ஏறி இறங்குகிறது. சென்ற கோடையில் அதன் ஐட்லிங், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது என்ஜின் சுற்றும் வேகம், நிலைகொள்ளாமல் போயிற்று.

காலையில் உதைத்ததும் சரியாகத்தான் நிற்கும். கோரிமேடு தாண்டுவதற்குள் என்ஜின் சூடேறிவிடும். அதன் பிறகு ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டாலும் ரேஸ் இறங்காது. சில சமயம் சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டு மெல்லத் தணியும். சில சமயம் சிக்னலில் நியூட்ரலில் இருக்கும்போதே, யாரும் தொடாமல், தானாக ஏறும். பக்கத்தில் நிற்பவர்கள் நான் வேண்டுமென்றே முறுக்குவதாக நினைத்து முறைப்பார்கள்.

இதை அப்படியே விட்டுவிட முடியாததற்குக் காரணம் இறக்கம். டூ ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் எண்ணெய் வருவது உள்ளே போகும் கலவையோடுதான். நான் பெட்ரோலிலேயே 2டி ஆயிலைக் கலந்து ஓட்டுகிறேன். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை ஆக்சிலேட்டரை மூடிக் கியரில் இறங்கும்போது என்ஜின் வேகமாகச் சுற்றுகிறது. உள்ளே வரும் பெட்ரோலோ சொற்பம், ஆகவே எண்ணெயும் சொற்பம். அந்த நேரத்தில் வேறெங்கிருந்தோ வெறும் காற்றும் புகுந்தால் சூடு கூடி, பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். வளைவில் சாய்ந்திருக்கும்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் கீழே விழுவதைத் தவிர வேறு வழியில்லை. போதாக்குறைக்கு, ரேஸ் இறங்காத வண்டி பள்ளத்தில் நம்மை முன்னே தள்ளும். முன்னும் பின்னும் இருப்பவை டிரம் பிரேக்குகள். அவை மட்டுமே மொத்த எடையையும் தாங்க வேண்டும். கோளாறு தீரும் வரை மலைக்குப் பஸ்ஸிலேயே போனேன். சோதனைக்காக மட்டும் வண்டியை ஏற்றினேன். இறங்கும்போது கிளட்சைப் பிடித்தபடி இடையிடையே சிறிது ரேஸ் கொடுத்து எண்ணெய் போகவிட்டேன்.

எளிதானவற்றை முதலில் ஒதுக்கினேன். என்ஜின் ஓடும்போது ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பினேன். ரேஸ் மாறவில்லை, கேபிள் இழுபடவில்லை என்று தெரிந்தது. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் மூடியைக் கழற்றி, காற்றுவழியைத் திறந்து மூடும் ஸ்லைடைத் தூக்கிவிட்டால் தடையின்றி விழுந்தது. பெட்ரோல் டேப் வடிகட்டி, மிதவைக் கிண்ணம், ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட் மூன்றையும் சுத்தம் செய்தேன். பைலட் ஜெட்டை வாயால் ஊதிப் பார்த்தால் போதாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துளை வட்டமாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். என்னுடையது தெளிவாகத் தெரிந்தது.

இடையில் பட்டறைகளிலும் காட்டினேன். ஓரிடத்தில் ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவை இறக்கிக் கொடுத்தார்கள். சூட்டில் அடங்கிய வண்டி மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் நிற்கவே மறுத்தது. இன்னோரிடத்தில் கார்புரேட்டரையே புதிதாக மாற்றச் சொன்னார்கள். அந்த ஸ்க்ரூ செய்யும் வேலை ஒன்றுதான்: ஸ்லைடு எந்த அளவுக்கு மூடலாம் என்று தடுத்து நிறுத்துவது. ஐட்லிங் எப்போதும் ஒரே அளவில் அதிகமாக இருந்தால் அதைத் தொடலாம். ஏறியும் இறங்கியும் ஆடும் ஐட்லிங்கில் அதைத் தொட்டால் கோளாறு ஒளிந்துகொள்ளும், போகாது. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆடுகிற ஐட்லிங்கோடு வந்த வண்டிக்கு ஸ்க்ரூ டிரைவரை முதலில் எடுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள் என்றே நண்பர்களுக்குச் சொல்கிறேன்.

துப்புக் கொடுத்தது மலைதான். சேலத்தில் எகிறிக்கொண்டிருந்த வண்டி, ஏற்காடு ஒண்டிக்கடையில் டீ குடிக்க நிறுத்தும்போது அடங்கியிருந்தது. முழு ஏற்றமும் ஏறி என்ஜின் கொதிக்கும் நேரம் அது. சூடு மட்டுமே காரணமாக இருந்தால் அங்குதான் மிக மோசமாக இருந்திருக்க வேண்டும். மாலையில் கீழே கோரிமேட்டுக்கு வந்ததும் பழையபடி எகிறும். கேபிளோ ஸ்லைடோ இடம் பார்த்து ஒட்டிக்கொள்வதில்லை. உயரத்தோடு மாறுவது காற்று மட்டும்.

சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர். மேலே போகும்போது காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு குறைகிறது. பழைய கார்புரேட்டரில் இதை உணரும் கருவி எதுவும் இல்லை. அதே ஜெட் வழியே ஏறக்குறைய அதே பெட்ரோலைத்தான் கொடுக்கும். காற்று மெலிந்துபோவதால் கலவையில் பெட்ரோலின் பங்கு கூடிவிடும். அந்த நிலையில் என் வண்டி ஒழுங்காக நிற்கிறது என்றால், கீழே அதற்குப் பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்று மிஞ்சுகிறது என்று பொருள்.

பெட்ரோல் குறைந்தால் என்ஜின் அடங்கத்தானே வேண்டும், ஏன் எகிற வேண்டும் என்று கேட்கலாம். டூ ஸ்ட்ரோக் ஓட்டியவர்களுக்கு இது பழகிய விஷயம்தான். டேங்க் காலியாகி ரிசர்வுக்குத் திருப்ப வேண்டிய நேரத்தில், அணைவதற்குச் சற்று முன்னால் என்ஜின் ஒரு முறை வீறிட்டு ரேஸ் ஆகும். கிண்ணத்தில் பெட்ரோல் இறங்கி, கலவை மெலிவதால் வருவது அது. என் வண்டி அந்த நிலையிலேயே நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது.

சந்தேகத்தை உறுதிசெய்ய சோக் போதும். நல்ல வண்டியில், சூடான என்ஜினில் சோக் நெம்புகோலைத் தூக்கினால் பெட்ரோல் அதிகமாகி, புகை கக்கித் திணறும். என்னுடையதோ தூக்கிய உடனே அமைதியாக நின்றது. இறக்கியதும் மீண்டும் எகிறியது. பிளக்கைக் கழற்றினால் காபி நிறத்தில் இருக்க வேண்டிய பீங்கான் மூக்கு சாம்பல் வெண்மையாக வெளிறியிருந்தது. கார்புரேட்டர் ஏற்கெனவே சுத்தம், மிதவை உயரமும் சரி. ஆக, கார்புரேட்டரைத் தாண்டிய ஏதோ ஓரிடத்தில் என்ஜின் காற்று வாங்குகிறது.

முதலில் கார்புரேட்டருக்கும், கலவையை உள்ளே மட்டும் போகவிடும் ரீட் வால்வுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் இணைப்பு. பெட்ரோலையோ கிளீனர் ஸ்பிரேயையோ அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சைலன்சர் கொதிக்கும்போது அது தீயோடு விளையாடுவது, செய்ய வேண்டாம். செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் குப்பியில் சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். ரப்பரின் அடிப்பக்கத்தில் பட்டதும் ரேஸ் ஒரு கணம் தடுமாறியது. கழற்றி மடக்கிப் பார்த்தால் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. புதிது வாங்கிப் போட்டேன். ரீட் பிளாக்கின் பேக்கிங்கையும் மாற்றினேன். ரீட் இதழ்கள் நேராகப் படிந்திருந்தன. பாதிக் கோளாறு போயிற்று. சிக்னலில் தானாக ஏறுவது நின்றது. ஆனால் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ஆக்சிலேட்டரை விட்டால் ரேஸ் இறங்கத் தாமதமாகும் பழக்கம் போகவில்லை.

குகைப் பகுதியில் பழைய யமஹாக்களை மட்டுமே பார்க்கும் ஓர் அண்ணன் இருக்கிறார். அவரிடம் சொன்னபோது, "ரப்பர் மாற்றியும் போகவில்லை என்றால் கிராங்க் சீல்தான் தம்பி. ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் என்ஜினைப் பிரித்துவிடாதே" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கிராங்க் தண்டின் இரு முனையிலும் சீல், அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம், உண்டு. வலப்பக்கச் சீல் கிளட்ச் அறையை ஒட்டியது. அது போனால் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு வெள்ளைப்புகை வரும், ஆயில் மட்டம் குறையும். இடப்பக்கச் சீல், மின்சாரம் தரும் மேக்னெட்டின் பின்னால் இருக்கிறது. அது போனால் புகை வராது, வெறும் காற்றுதான் புகும். என் வண்டியில் கியர் ஆயில் குறையவில்லை, புகையும் இல்லை. இடப்பக்கம் என்று மனம் சொன்னாலும், கண்ணால் பார்க்காமல் முடிவுசெய்ய நான் தயாராக இல்லை.

பிரஷர் டெஸ்ட் செய்தோம். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறை காற்றுப் புகாத அறையாக இருந்தாக வேண்டும். மூடிவிட்டுக் காற்றேற்றினால் நிற்க வேண்டும். இதற்கான கருவிக்கு அலைய வேண்டியதில்லை. வீட்டில் அப்பாவுக்கு வாங்கிய பழைய முள் வைத்த ரத்த அழுத்தக் கருவி கிடந்தது. அதன் அளவுகோல் 300 வரை போகும். 300 மில்லிமீட்டர் பாதரசம் என்பது ஏறத்தாழ 0.4 பார். இந்தச் சோதனைக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை, ஏற்றவும் கூடாது. அழுத்தம் கூடினால் நல்ல சீலே இடம்பெயர்ந்துவிடும். டயருக்குக் காற்றடிக்கும் பம்பை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

சைலன்சரைக் கழற்றி, புகைபோகும் துளையில் இறுக்கமான ரப்பர் கார்க்கை அடைத்தோம். பிளக்கை அதன் இடத்தில் முறுக்கினோம். கார்புரேட்டரை எடுத்துவிட்டு, புதிய ரப்பரின் வாயில் நடுவில் குழாய் செருகிய இன்னொரு கார்க்கை வைத்துக் கிளிப்பால் இறுக்கினோம். காற்றை இந்தப் பக்கமிருந்து ஏற்றுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ரீட் இதழ்கள் உள்நோக்கி மட்டுமே திறக்கும். பிளக் துளை வழியே ஏற்றினால் இதழ்கள் மூடிக்கொண்டு, இன்டேக் ரப்பர் சோதனைக்கே வராமல் தப்பிவிடும். இங்கிருந்து ஏற்றினால் ரப்பர், பேக்கிங், கிராங்க் அறை, சிலிண்டர் எல்லாமே ஒரே சோதனையில் அடங்கும். பிஸ்டனைக் கீழே கொண்டுவந்து நிறுத்தினோம்.

பல்பை அமுக்கி 280 வரை ஏற்றினேன். கையை எடுத்ததும் முள் விழத் தொடங்கியது. நல்ல என்ஜினில் சில நிமிடங்களானாலும் சிறிதளவுதான் இறங்கும் என்றார் அண்ணன்; இங்கே கண்முன்னால் சரிந்தது. சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவிக்கொண்டே போனோம். ஹெட், சிலிண்டர் அடி, ரீட் பிளாக், புதிய ரப்பர் எதிலும் குமிழி இல்லை. கியர் ஆயில் ஊற்றும் துளையைத் திறந்து அதன் வாயிலும் நுரையை வைத்தோம். அசையவில்லை, ஆகவே வலப்பக்கம் நல்லது. மேக்னெட் மூடியைக் கழற்றி நுரை விட்டதும், மேக்னெட்டின் சுழலும் பகுதியான ரோட்டருக்குப் பின்னாலிருந்து அது பொங்கி வந்தது. எனக்கு அந்த நுரையைப் பார்த்தபோது ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது. பெயர் தெரியாமல் அலைக்கழித்த கோளாறுக்கு ஒரு விரற்கடை அகலத்தில் இடம் கிடைத்துவிட்டது.

இடப்பக்கச் சீலுக்காக என்ஜினை இரண்டாகப் பிரிக்க வேண்டியதில்லை. புல்லர் போட்டு ரோட்டரை எடுக்க வேண்டும். சுத்தியலால் தட்டி எடுத்தால் கிராங்க் கோணிவிடும். ரோட்டரைத் தண்டோடு பூட்டும் சின்ன அரைவட்டச் சாவி கீழே விழுந்து தொலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரோட்டருக்குப் பின்னால் அசையாமல் இருக்கும் ஸ்டேட்டர் தகட்டின் நிலையைக் கூர்முனையால் கோடு போட்டுக் குறித்துவிட்டுக் கழற்றினோம். வெளியே வந்த சீலின் உதடு கல்லாக இறுகியிருந்தது. சூடேறினால் தண்டைத் தழுவிப் பிடிக்கும் நெகிழ்வு அதில் துளியும் இல்லை. குளிரில் ஒழுங்காக நின்ற வண்டி சூட்டில் கெட்டது இதனால்தான்.

புதிய சீலைப் போடும் முன் அண்ணன் கிராங்க் முனையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். புதிய சீலும் சில மாதங்களில் கிழியும், அப்போது என்ஜினைப் பிரிப்பதே முறை. ஆட்டம் இல்லை. உதட்டில் கிரீஸ் தடவி, ஸ்பிரிங் இருக்கும் பக்கம் உள்நோக்கி இருக்க, சீலின் வெளிவட்டத்துக்குச் சமமான குழாயை வைத்துச் சீராகத் தட்டி இறக்கினார். மறுபடியும் காற்றேற்றினோம். முள் 280-இலேயே நின்றது.

அதன் பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர். சூடான என்ஜினில் ஏர் ஸ்க்ரூவை முழுவதும் மெதுவாக உள்ளே முறுக்கி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து கால் சுற்றாக முன்னும் பின்னும் திருப்பி ரேஸ் சீராக இருக்கும் இடத்தைப் பிடித்தேன். இந்த வகைக் கார்புரேட்டரில் அது காற்றை அளக்கும் திருகு. வெளியே எடுத்தால் கலவை மெலியும். கடைசியாக ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவில் ஐட்லிங்கை வைத்தேன்.

இப்போது நிலைமை தலைகீழ். சேலத்தில் எந்த வெயிலிலும் ஆக்சிலேட்டரை விட்டதும் ரேஸ் விழுகிறது. ஒண்டிக்கடையில் நிறுத்தினால் ஐட்லிங் சற்றே கனத்து, கொஞ்சம் திணறுகிறது. ஓட்டையில்லாத பழைய கார்புரேட்டர் வண்டி அந்த உயரத்தில் அப்படித்தான் இருக்கும். நாள் முழுவதும் மேலேயே சுற்ற வேண்டியிருந்தால் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே எடுக்கிறேன். இறங்கத் தொடங்கும் முன் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுகிறேன்.