பனி விட்ட மறுநாள்

காஷ்மீர் மலையில் ராணுவப் போஸ்ட்டுகளில் இருந்தபோது, பனி கொட்டும் நாளில் முடிவெடுக்க ஒன்றுமில்லை. எல்லோரும் உள்ளே முடங்கிக் கிடப்போம். சிக்கல் மறுநாள்தான். வானம் வெளுத்துப் பளீரென்று வெயில் அடிக்கும். லீவு கிடைத்தவர்கள் மூட்டை கட்டித் தயாராக நிற்பார்கள், கீழேயிருந்து வயர்லெஸ்ஸில் "பாதை எப்போது திறக்கும்?" என்று நச்சரிப்பு. ஆனால் பனிச்சரிவுகள் பெரும்பாலும் பனி விழும்போதோ, விட்ட ஓரிரு நாளுக்குள்ளோதான் வருகின்றன.

பாதையைத் திறக்குமுன் முதலில் மலைச்சரிவைப் பார்ப்போம். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த இடங்களில்தான் பெரும்பாலும் பனி பாளமாகப் பெயரும். அதைவிடச் செங்குத்தானால் நிறையத் தங்காது, அவ்வப்போது உதிர்ந்துவிடும். நாம் நடப்பது சமதளம் என்றாலும், தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு. அப்புறம் காற்று. விழுந்த பனியை எல்லோரும் அளப்பார்கள். முகட்டின் ஒரு பக்கத்திலிருந்து காற்று வாரிக்கொண்டுபோய் மறுபக்கத்தில் குவித்ததைக் கவனிப்பவர் குறைவு.

எனக்குப் பிடித்தது பனியில் குழி தோண்டிப் பார்க்கும் வேலை. ஆபத்தான சரிவிலேயே தோண்ட மாட்டோம். அதே திசை பார்த்த சின்னச் சரிவு ஒன்றைத் தேர்ந்தெடுப்போம். வெட்டிய சுவரில் அந்தக் குளிர்காலம் முழுக்க அடுக்கடுக்காகத் தெரியும். கடுங்குளிரில் அடி அடுக்கு சில சமயம் ரவை போல உதிரியாகிவிடும், கையில் பிடித்தால் ஒட்டாது. அதன்மேல் கெட்டிப் பாளம் உட்கார்ந்திருந்தால் ஓர் ஆளின் எடையே அதைக் கிளப்பிவிடும். நடக்கையில் காலடியில் 'வூம்' என்று பனி அமுங்கினாலோ, பாதத்திலிருந்து விரிசல் ஓடினாலோ பேச்சே கிடையாது, திரும்பிவிடுவோம்.

பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் பனிச்சரிவு எச்சரிக்கையும் வரும். அது பெரிய பரப்புக்குச் சொல்வது, எங்கள் நாலாவை (மலை ஓடைப் பள்ளத்தை) தனியாகப் பார்த்துச் சொல்லாது. கடந்தே ஆகவேண்டுமென்றால் வெயில் ஏறுமுன், ஒவ்வொருவராக. மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று, போகிறவனைக் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். புதைந்தவனைக் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் நல்ல வாய்ப்பு. ஹெலிகாப்டர் அதற்குள் வராது, கூட வந்தவன்தான் தோண்டவேண்டும்.

இப்போது சேலத்தில் இருக்கிறேன். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். "மழைதான் விட்டுடுச்சே, இன்னும் ஏன் விடமாட்டேங்கிறாங்க?" என்று அடிவாரத்தில் அலுத்துக்கொண்டவர்களைப் பார்த்தபோது எனக்கு அந்த வயர்லெஸ் குரல்தான் ஞாபகம் வந்தது. மழை விட்டாலும் மண்ணுக்குள் ஊறிய தண்ணீர் உடனே வடிந்துவிடுவதில்லை.

எங்கள் தெருப் பையன்கள் சிலர் ஜனவரியில் உத்தராகண்டின் கேதார்காந்தா பனிமலை ஏறப் போகிறார்கள். இதையெல்லாம் சொல்லி முடித்ததும் ஒருவன் கேட்டான்: "மாமா, பாதியில திரும்பிட்டா பணத்தைத் திருப்பித் தருவாங்களா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கட்டிய பணம் போய்விடுமே என்ற நினைப்புதான் பலரை மேலே தள்ளுகிறது. கிளம்புமுன்பே அதை மலையேற்றத்துக்குக் கூட்டிப்போகும் கம்பெனியிடம் கேட்டு எழுதி வாங்கச் சொன்னேன்.