நூற்றைந்து வழிகளில் ஒன்று

ஈரத் தலையை இரவில் பின்னிக்கொண்டு படுத்துக் காலையில் அவிழ்த்தால், முடி அலை அலையாக நிற்கும். அடுத்த முறை தலைக்குக் குளித்ததும் அந்த அலை மறைந்துவிடும். என் தங்கையின் பின்னலில் பலமுறை பார்த்த இதற்குக் காரணம், முடியிலுள்ள கெரட்டின் புரதத்தின் ஹைட்ரஜன் பிணைப்புகள் நீர் பட்டதும் விட்டுப்போய், உலரும்போது அப்போதைய வளைவிலேயே மீண்டும் பற்றிக்கொள்வதுதான் என்பது கல்லூரியில்தான் எனக்குத் தெரிந்தது. அழகு நிலையத்தில் முடியை நிலையாகச் சுருட்டும் மருந்தோ, கந்தக அணுக்களுக்கு இடையிலுள்ள டைசல்பைடு பிணைப்பையே அறுத்துச் சுருண்ட நிலையில் மறுபடி இணைக்கிறது.

ஹைட்ரஜன் பிணைப்பின் வலிமை டைசல்பைடின் வலிமையில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆகவே புரதத்தின் வடிவத்தை முடிவு செய்வது டைசல்பைடுதான் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது, பின்னர் 1972-இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்கர் கிறிஸ்டியன் அன்ஃபின்சன், மாட்டுக் கணையத்தின் ரிபோநியூக்ளியேஸ் நொதியைக் கொண்டு செய்த சோதனை.

அந்த நொதி 124 அமினோ அமிலங்கள் கோத்த ஒற்றைச் சங்கிலி. அதில் கந்தகம் கொண்ட சிஸ்டீன் என்னும் அமினோ அமிலங்கள் 8; அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து 4 டைசல்பைடு பிணைப்புகளாகின்றன. முதல் சிஸ்டீனுக்கு 7 துணைகள் கிடைக்கலாம்; அந்த ஜோடி போக எஞ்சியவற்றில் ஒன்றுக்கு 5, அதன்பின் 3, கடைசி இரண்டுக்கு ஒரே வழி. பெருக்கினால் 105. இயற்கையான நொதியில் இருப்பது இவற்றுள் ஒன்றே ஒன்று.

ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற மெல்லிய பிணைப்புகளைக் குலைக்க யூரியாவும் டைசல்பைடை அறுக்க மெர்காப்டோஎத்தனாலும் சேர்த்தபோது, நொதி மடிப்பு கலைந்து செயலிழந்தது. இரண்டையும் நீக்கிக் காற்றுப்பட வைத்தபோது, கந்தகங்கள் சரியான துணைகளோடு இணைந்து, செயல்திறன் ஏறத்தாழ முழுமையாகத் திரும்பியது. யூரியாவை நீக்காமலே கந்தகங்களை இணையவிட்டபோதும் டைசல்பைடுகள் உருவாயின, ஆனால் கண்டபடி. செயல்திறன் 1 சதவீத அளவிலேயே நின்றது. மெல்லிய பிணைப்புகள் குலைந்திருக்கும் வரை, வலிய பிணைப்புக்குத் தன் துணை எது என்றே தெரியவில்லை.

ஹைட்ரஜன் பிணைப்புகளோடும் மின்னூட்ட ஈர்ப்போடும், எண்ணெய்த் தன்மையுள்ள பக்கக் கிளைகள் நீரிலிருந்து ஒதுங்கி உள்ளே கூடுவதும் சேர்ந்தே சங்கிலியை மடிக்கின்றன. இந்த ஒதுங்கலை நீர்வெறுப்புப் பிணைப்பு என்று சிலர் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. அங்கே அணுவோடு அணு பிணைவதில்லை, சுற்றியுள்ள நீரின் இயல்பே அவற்றை உள்ளே தள்ளுகிறது.

தாறுமாறாக இணைந்த நொதியிலிருந்து யூரியாவை நீக்கி, மெர்காப்டோஎத்தனாலைத் துளியளவு சேர்த்தார்கள். தவறான ஜோடிகள் அவிழ்ந்து அவிழ்ந்து இணைந்து, சில மணி நேரத்தில் சரியான ஜோடிகளாயின. சங்கிலியில் 58 இடங்கள் தள்ளியிருக்கும் 26-ஆம் சிஸ்டீனும் 84-ஆம் சிஸ்டீனும், மடிப்பு அருகருகே கொண்டுவந்து நிறுத்திய இடத்தில், மறுபடியும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன.