காலி உறை எங்கே விழுகிறது?

நான் இடது கைக்காரன். ஏஆர்-15 வகை ரைபிளில் சுட்டு முடித்த தோட்டாவின் காலி உறை தெறிக்கிற வாய் வலப்பக்கம் இருக்கிறது. வலது கைக்காரர்களின் முகம் அதற்கு மறுபக்கம் ஒதுங்கியிருக்கும். என் முகம் அந்தப் பக்கமே இருக்கும். அதனால் சைலன்சர் மாட்டினால் பின்னழுத்தம் (வாயு பின்னால் திரும்பித் தள்ளுவது) எவ்வளவு கூடுகிறது என்று அறிய எனக்குக் கருவி எதுவும் தேவையில்லை, கண்ணெரிச்சலே சொல்லிவிடும்.

போன வாரம் ஒரே சைலன்சரை மூன்று ரைபிள்களில் மாற்றி மாற்றி மாட்டிச் சுட்டேன். தோட்டாவும் ஒரே பெட்டிதான். 20 அங்குலப் பேரலில் பெரிய மாற்றமில்லை. துப்பாக்கி முனை பார்க்கும் திசையைப் பன்னிரண்டு மணி என்று வைத்தால், நாலு மணித் திசையில் விழுந்த உறைகள் மூன்றரைக்கு நகர்ந்தன, அவ்வளவுதான். 10.5 அங்குலக் குட்டையில் உறைகள் ஒரு மணித் திசைக்குப் பறந்து தடுப்பில் மோதின. மூன்றாவது தோட்டாவிலேயே கண்ணில் நீர். இதை எதிர்பார்த்துத்தான் போனேன். குழம்பிப்போனது 16 அங்குலப் பேரலில். நடுவில் எங்கோ நிற்கும் என்று நினைத்தால், அது கிட்டத்தட்ட குட்டையைப் போலவே முரண்டு பிடித்தது.

வீட்டுக்கு வந்து ஸ்கேலை எடுத்தபோதுதான் உறைத்தது. நான் பார்க்க வேண்டியது பேரலின் மொத்த நீளத்தை அல்ல. பேரலில் போட்டிருக்கும் வாயுத் துளை எங்கே இருக்கிறது, அதற்கப்புறம் முனை வரை எவ்வளவு பேரல் மிச்சம் இருக்கிறது, இவை இரண்டையும்தான்.

குண்டு அந்தத் துளையைத் தாண்டியதும் வாயு துளை வழியே டியூபுக்குள் போய், சேம்பரை அடைத்து நிற்கும் போல்ட்டைச் சுமக்கிற போல்ட் கேரியரைப் பின்னால் தள்ளுகிறது. குண்டு முனையை விட்டு வெளியேறியதும் அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். தள்ளலும் அதோடு சரி. சைலன்சர் இந்த விழுதலைத் தாமதப்படுத்துகிறது. உள்ளே தடுப்புகளில் மாட்டிக்கொண்ட வாயு மெதுவாகத்தான் வெளியேறும். அதுவரை பேரலுக்குள் அழுத்தம் நிற்கிறது, துளை வழியே இன்னும் கொஞ்சம் வாயு போகிறது. போல்ட் வேகமாக, சற்று முன்கூட்டியே திறக்கிறது, உறையும் முன்பக்கமாகப் பறக்கிறது. அப்போது உறை, தோட்டா உட்காரும் சேம்பரின் சுவரை விட்டு முழுக்கத் தளர்ந்திருக்காது. போல்ட்டில் இருக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் அதன் விளிம்பைப் பிய்த்து இழுக்கும். என் குட்டையில் சுட்ட உறைகளின் விளிம்பை நகத்தால் தடவினாலே சொரசொரப்பு தெரிந்தது.

இப்போது கணக்கு. 20 அங்குலத்தில் துளை சேம்பரிலிருந்து ஏறக்குறைய 13 அங்குலம் தள்ளி இருக்கிறது. அங்கே வருவதற்குள் அழுத்தம் நன்றாக இறங்கியிருக்கும், அதற்கப்புறம் ஏழு அங்குலம் மிச்சம். 10.5-இல் துளை எட்டு அங்குலத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது, மிச்சம் மூன்று அங்குலம்கூட இல்லை. தள்ளக் கிடைக்கும் நேரம் அவ்வளவு குறைவு என்பதால், சைலன்சர் இல்லாமலும் ஓட வேண்டுமே என்று துளையைப் பெரிதாகப் போடுகிறார்கள். சைலன்சரை மாட்டி நேரத்தை நீட்டினால் அந்தப் பெரிய துளையே எதிரியாகிவிடுகிறது. என் 16 அங்குலத்துக்கு வேறு வியாதி. அதிலும் அதே குட்டை கார்பைன் டியூப்தான், ஆனால் துளைக்கப்புறம் எட்டு அங்குலப் பேரல். சைலன்சர் இல்லாமலே தேவைக்கு மேல் வாயு குடித்துக்கொண்டிருந்த ரைபிள் அது. நடுத்தர நீளமான மிட்லெங்த் டியூப் இருந்திருந்தால் துளை இன்னும் இரண்டு அங்குலம் முன்னால் போயிருக்கும், இவ்வளவு முரண்டும் இருந்திருக்காது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 300 பிளாக்அவுட் என்கிற தோட்டா வகையில் ஒலியைவிட மெதுவாகப் போகும் கனமான தோட்டாக்களைப் போட்டால், வெறும் பேரலில் ஓடத் தயங்குகிற துப்பாக்கி சைலன்சர் மாட்டியதும் ஒழுங்காக ஓடுவதுண்டு. அங்கே பின்னழுத்தம் நண்பன். 1909-இல் சைலன்சருக்குக் காப்புரிமை பெற்ற ஹிராம் பெர்சி மேக்சிமுக்கு இந்தத் தலைவலியே பெரிதாக இருந்திருக்காது. அன்றைய ரைபிள்களில் பெரும்பாலானவை கையால் இயக்குபவை, போல்ட்டை இழுப்பதற்குள் வாயு முன்பக்கமாகவே போய்விடும். (மெஷின் கன் செய்த மேக்சிமின் மகன்தான் இவர். அப்பா ஊரைச் செவிடாக்கினார், பிள்ளை பரிகாரம் செய்தார்.)

சரி, மருந்து? குட்டையில், போல்ட் கேரியருக்குப் பின்னால் அதன் ஓட்டத்தைத் தாங்கும் எடையான 3 அவுன்ஸ் பஃபரை எடுத்துவிட்டு, 4.6 அவுன்ஸ் எச்2 வகைப் பஃபர் போட்டேன். போல்ட் கொஞ்சம் நிதானமானது. அப்புறம் வாயுத் துளைமேல் உட்கார்ந்து, டியூபுக்குள் போகும் வாயுவைத் திருகிக் குறைக்கக்கூடிய கேஸ் பிளாக் மாட்டினேன். உறைகள் மூன்றரை மணிக்கே திரும்பிவிட்டன. நான் துள்ளிக் குதித்தேன். ஆனால் கண் இன்னும் எரிந்தது, முன்பைவிடக் குறைவு, அவ்வளவுதான். முகத்தில் அடிக்கும் புகை எல்லாம் டியூப் வழியே வருவதில்லை. போல்ட் திறந்ததும் பேரலுக்குள் மிஞ்சிய வாயு நேராகப் பின்னால் வருகிறது. கேஸ் பிளாக் அதை என்ன செய்யும்? அதற்கு வாயுவை முன்பக்கமாகவே வழியவிடுகிற வகைச் சைலன்சர்தான் வேண்டும். நண்பர் ஒருவருடையதை மாட்டிப் பார்த்தேன். அன்று முழுக்க என் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

விலையைக் கேட்டபோது வந்தது.

இப்போதைக்குக் கேஸ் பிளாக் திருகில் வெள்ளை, சிவப்பு என்று இரண்டு பெயின்ட் புள்ளி வைத்திருக்கிறேன். வெள்ளை, சைலன்சர் இருக்கும்போது. சிவப்பு, இல்லாதபோது. நேற்று சைலன்சரைக் கழற்றினேன், திருகை மறந்தேன். முதல் தோட்டா வெடித்தது, போல்ட் பாதி வழி வந்துவிட்டு அடுத்த தோட்டாவை எடுக்காமலே திரும்பிவிட்டது.