ஐந்துக்கு மூன்று

சுவிஸில் டாவோஸ் என்ற மலை ஊரில் ஒரு ஹோட்டலில் ஒன்பது குளிர்காலம் வேலை பார்த்தேன். முதல் இரண்டு வருடம் குசினியில் கோப்பை கழுவினேன், டொச், அதாவது ஜெர்மன் மொழி, ஓரளவு பிடிபட்டதும் இரவு வரவேற்பில் போட்டார்கள். இரவு ஆள் என்றால் சாவி கொடுப்பதும், குடித்துவிட்டு வருகிறவர்களை அறை வரைக்கும் கொண்டுபோய் விடுவதும்தான் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் வேலையில் முக்கால்வாசி காலநிலைதான். விடிய 5 மணிக்கு முன்பே படியையும் நடைபாதையையும் வழித்து உப்புப் போட வேண்டும். அப்புறம் ஸ்கீ அறை வாசலில் தொங்கும் வெள்ளைப் பலகையில் அன்றைய நிலவரத்தை எழுத வேண்டும். ஊரில் எத்தனை பாகை, மலை உச்சியில் எத்தனை பாகை, 24 மணி நேரத்தில் புதிதாக விழுந்தது எத்தனை சென்ரிமீற்றர், காற்று எப்படி, பனிச்சரிவு அபாயம் எந்தப் படி. ஐந்து வரிதான்.

அம்மாவுக்கு இந்த வேலையை விளங்கப்படுத்த என்னால் கடைசிவரை முடியவில்லை. பனி என்றால் அவருக்கு விடியப்புறம் கிடுகு வேலியில் இருக்கும் ஈரம். "பனிக்குள்ள நிக்காத, தலைக்கு ஒரு துவாயைச் சுத்து" என்பார். அந்த நேரம் நான் முழங்கால் உயரத்துக்கு ஸ்னோவுக்குள் நின்றுகொண்டு ஓம் அம்மா, ஓம் அம்மா என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

விருந்தாளிகள் கேட்பது ஒரே கேள்வி: நாளைக்கு ஸ்னோ கொட்டுமா? முதல் வருடம் ஓம், இல்லை என்று பதில் சொன்னேன். போகப் போகத்தான் அது அப்படிப் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை என்று தெரிந்தது. எங்கள் பக்கத்துக்கு ஸ்னோ கொண்டுவருவது பெரும்பாலும் வடமேற்குக் காற்று. ஈரக்காற்று அல்ப்ஸில் மோதி, மேலே ஏறி, குளிர்ந்து, வடக்குப் பக்கத்தில் கொட்டிவிடும். தெற்கிலிருந்து வந்தால் கதையே வேறு. அந்தப் பக்கம் கொட்டி முடித்துவிட்டுக் காய்ந்த காற்றாக எங்கள் பக்கம் இறங்கும், இறங்க இறங்கச் சூடாகும். அதைத்தான் ஃபோன் (Föhn) காற்று என்பார்கள். அது வீசும் நாளில் குசினியில் பாதிப் பேருக்குத் தலையிடி, மற்றப் பாதிப் பேர் சண்டை. காற்றுக்கும் சண்டைக்கும் சம்பந்தம் உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் கண்டதைச் சொல்கிறேன்.

அப்புறம் சைபர் பாகைக் கோடு, அதாவது காற்றின் வெப்பநிலை சைபராக இருக்கும் உயரம். அது 1800 மீற்றரில் என்று போட்டிருந்தால் ஸ்னோ அதற்குக் கீழே ஏறத்தாழ 300 மீற்றர் வரை உருகாமல் இறங்கும். டாவோஸ் இருப்பது 1560 மீற்றரில். அதாவது சரியாக விளிம்பில், சொதசொதவென்று ஈரமாக விழும். வழிக்கிறவனுக்கு அதைப்போல நரகம் வேறில்லை. நல்ல குளிரில் விழும் புது ஸ்னோ ஒரு கன மீற்றர் 100 கிலோ அளவில் இருக்கும். எங்கள் நடைபாதையும் படியும் சேர்த்து 40 சதுர மீற்றர். 30 சென்ரிமீற்றர் விழுந்தால் 1200 கிலோ. ஈரமாக விழுந்தால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. பலகையில் "30" என்று எழுதும்போது விருந்தாளிக்குக் கொண்டாட்டம், எனக்கு நாரி பிடித்திருக்கும்.

வானம் தெளிந்த தை மாதத்து நாட்களில் இன்னொரு குழப்பம். குளிர்காற்று பாரமானது, இரவில் பள்ளத்தாக்கில் வந்து படுத்துக்கொள்ளும். கீழே மைனஸ் 18, ஆயிரம் மீற்றர் மேலே மைனஸ் 7. நான் மாறி எழுதிவிட்டேன் என்று நினைத்து ஒருவர் மார்க்கரை எடுத்துத் தானே திருத்திவிட்டுப் போனார்.

புது ஸ்னோ கணக்கை மலைப்பக்கத்து அறிக்கையிலிருந்து எடுத்து எழுதுவேன். விருந்தாளிகள் யன்னலால் பார்த்துவிட்டு, எங்கே 20, பத்துக்கூட இல்லையே என்பார்கள். சரி, நாங்களே அளப்போம் என்று குசினியிலிருந்து ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையைத் தூக்கினேன். "தம்பி, கோழி வெட்டுற பலகையை எங்கையடா கொண்டு போறாய்?" என்று குசினியில் வேலை செய்த அண்ணை பின்னாலேயே வந்தார். முதலில் சுவர் ஓரமாக வைத்தேன், காற்று அள்ளிக்கொண்டு வந்து குவித்துவிட்டது. புல்வெளி நடுவுக்கு மாற்றினேன். காலையில் இரும்பு அடிமட்டத்தைக் குத்திப் பார்த்து எழுதிவிட்டுப் பலகையைத் துடைத்து, புது ஸ்னோவின் மட்டத்துக்கு மேலே திரும்ப வைக்க வேண்டும். ஒருநாள் துடைக்க மறந்து, இரண்டு நாள் ஸ்னோவை ஒரே நாள் கணக்கில் எழுதிவிட்டேன். அதுவும் சரியான கூட்டுத்தொகை இல்லை. கீழே கிடப்பது தன் பாரத்தில் தானே அமுங்கும், 20உம் 20உம் சேர்ந்தால் தரையில் 40 இருக்காது. எங்கள் ஊர் மலையில் வைஸ்ஃப்ளூயோஹ் என்ற இடத்தில், 2540 மீற்றர் உயரத்தில், 1936இலிருந்து இதே மாதிரி அளந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் கோழிப் பலகை இல்லை, மற்றபடி வேலை அதுதான்.

இனி கடைசி வரி. சுவிஸின் பனிச்சரிவு ஆய்வு நிலையம் டாவோஸிலேயே இருக்கிறது. குளிர்காலத்தில் தினமும் பின்னேரம் 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் அறிக்கை விடுவார்கள். அபாயம் ஐந்து படி. என் வேலை 7 மணிக்கு முடிந்துவிடும், ஆகவே நான் எழுதுவது முதல்நாள் பின்னேரத்துக் கதை. 3 என்று இருந்தால் 3 என்று எழுதுவேன். பக்கத்தில் எர்ஹேப்லிஹ் என்று ஒரு சொல் வரும், அபாயம் கணிசமானது என்று அர்த்தம், நீளமான சொல், என் எழுத்துக்கு இடம் காணாது என்று விட்டுவிடுவேன்.

ஒருநாள் காலை ஒரு இளம் சோடி வந்து 3 என்றால் என்ன என்று கேட்டது. 5க்கு 3. எங்கள் பள்ளிக்கூடக் கணக்கில் 60 மார்க்ஸ், தாராளமாகப் பாஸ். நடுத்தரம், பயமில்லை என்று சொன்னேன். சிரித்துக்கொண்டு போனார்கள். ஸ்கீ பாதைக்கு வெளியே போகிற உடுப்பும் முதுகுப்பையும் என்று எனக்கு அப்போது பார்க்கத் தெரியாது.

நல்லகாலம், அவர்கள் ஒரு மலை வழிகாட்டியைப் பிடித்திருந்தார்கள். அந்த மனிதர் பின்னேரம் என்னைத் தேடிவந்தார். ஏசவில்லை. காலைச் சாப்பாட்டுத் தட்டம் ஒன்றையும் சீனியையும் கேட்டார். தட்டத்தில் ஒரு துவாயை விரித்து, அதன்மேல் சீனியைப் பரவி, அதற்குமேல் மேசைத் துண்டுகளின் கட்டு ஒன்றை வைத்துச் சரித்தார். கொஞ்சம் சரித்தார், ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம், ஒன்றும் இல்லை. விரலால் மேலே ஒரு தட்டுத் தட்டினார், கட்டு முழுதாக வழுக்கி என் மடியில் வந்து விழுந்தது. சீனி மாதிரி ஒட்டாத படை அடியில் கிடக்கும், மேலே கிடப்பது கெட்டி, 30 பாகைக்கு மேலே சரிவு, ஒரு ஆளின் பாரம் போதும், அதுதான் 3 என்றார். 4, 5 என்று போட்டால் சனம் வெளியே போகாது. 3 என்றால் போகும். அதிகம் பேர் சாவது அந்தப் படியில்தான். ஒவ்வொரு படிக்கும் அபாயம் ஒன்று ஒன்றாகக் கூடுவதில்லை, பல மடங்காகக் கூடும் என்றும் சொன்னார். சீனியை நான்தான் கூட்டினேன்.

அதற்குப் பிறகு வேலை முடிந்தாலும் 8 மணி அறிக்கை வரும்வரை நின்று, பலகையைத் திருத்திவிட்டுத்தான் பஸ் எடுத்தேன். அந்த ஒரு மணி நேரத்துக்குச் சம்பளம் இல்லை. கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

2018 தை 22ஆம் திகதி 5 என்று எழுதினேன். இவ்வளவு பரவலாக 5 போட்டது 1999க்குப் பிறகு முதல் தடவை என்றார்கள். அடுத்தநாள் உலகப் பொருளாதார மாநாடு தொடக்கம், கோட் சூட்டும் தோல் சப்பாத்துமாக வந்து இறங்கிய பெரிய மனிதர்கள் வாசலில் வழுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்படி நிறையக் கொட்டினால் விடியப்புறம் மேலே வெடி வைத்துச் சரிவுகளை முன்கூட்டியே இறக்குவார்கள். என் முதல் குளிர்காலத்தில் அந்தச் சத்தம் கேட்டதும் நான் கோப்பை கழுவும் மெஷினுக்குப் பக்கத்தில் நிலத்தில் படுத்துவிட்டேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் அண்ணையும் படுத்திருக்கிறார். போர்த்துக்கல் பெடியன் ஒருவன் மட்டும் தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றான். 2018இல் அதே சத்தம் கேட்டபோது நான் பலகைக்கு முன்னால் நின்றேன். எண்ணிக்கொண்டு நின்றேன், பதினொன்று.

இப்போது சூரிச்சில் வேலை. எனக்குப் பிறகு வந்த பெடியனுக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தபோது, எண்ணைச் சின்னதாக எழுது, அந்த நீளச் சொல்லை முழுதாக எழுது என்றேன். இடம் காணாதே என்றான். பாகையை மேலே ஏற்றச் சொன்னேன். அளக்கும் பலகையை அண்ணை ஓய்வு பெறும் நாளில் திருப்பிக் கேட்டார், கோழி வெட்டவாம். கழுவிக் கொடுத்தேன்.