இது எந்த ஊர் பீச்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் திருச்செந்தூர்ப் பக்கம் இருக்கிற செம்மணல் தேரிக்காட்டுக்குப் போய் வந்ததும், எடுத்ததில் நன்றாக இருந்த ஒரு படத்தைப் பெரிதாக பிரின்ட் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குப்பா, இது எந்த ஊர் பீச்?" என்று கேட்டார். அத்தோடு படம் அலமாரிக்கு மேலே போய்விட்டது. அத்தை மேல் தப்பில்லை. தேரியைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மிஞ்சுவது மணல்மேடும் நாலு பனையும்தான், அது மணப்பாடு கடற்கரையிலும் இருக்கிறது.

அதில் இன்னொரு கூத்தும் உண்டு. கலைப்படம் எடுக்கிற நினைப்பில் கேமராவை மோனோகுரோமுக்கு மாற்றி, ஜேபெக் மட்டும் பதிவாகும்படி வைத்திருந்தேன். கேமராவுக்குக் கிடைத்ததை அப்படியே வைத்திருக்கிற ரா ஃபைலாக எடுத்திருந்தால் திரையில் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தாலும் உள்ளே வண்ணம் பத்திரமாக இருந்திருக்கும், வீட்டுக்கு வந்து யோசித்துக்கொள்ளலாம். ஜேபெக்கில் போனது போனதுதான். மொத்தப் படமும் சாம்பல்.

அதனால் போன ஆனி மாதம் மறுபடியும் கிளம்பினேன். திருச்செந்தூரில் இரவு தங்கிவிட்டு, விடிவதற்குள் ஒரு ஆட்டோ பிடித்து மேற்கே காயாமொழி தாண்டிப் போனால், சாலையோர மண் மெல்ல மெல்லச் சிவந்துகொண்டே வந்து ஒரு திருப்பத்தில் முழுக்கச் சிவப்பாகிவிடுகிறது. குதிரைமொழித் தேரி. பனை, உடைமரம், முந்திரி, நடுவில் மேடும் பள்ளமுமாக மணல். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள், மணியெல்லாம் உதிர்ந்த பிறகும் ரேகைக்குள் சிவப்பு நிற்கும். மணலின் மேல் இரும்பு ஆக்ஸைடு பூசினாற்போல் படிந்திருப்பதுதான் காரணம். காற்று வரி போட்ட இடங்களில் அந்த வரிகளின் ஓரமாக மெல்லிய கறுப்புக் கோடுகளும் ஓடுகின்றன, இல்மனைட் என்கிற தாது. கிட்டே குனிந்தால்தான் தெரியும்.

வண்ணத்தில் எடுத்தால் மட்டும் சுலபமா என்றால் அதுவும் இல்லை. வெளிச்சத்துக்குத் தக்கபடி நிறத்தைச் சரிசெய்கிற ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால், ஃபிரேம் முழுக்கச் சிவப்பாக இருப்பதைப் பார்த்து கேமரா அதைத் தப்பென்று முடிவு கட்டி, தானாகவே சிவப்பைக் குறைத்துவிடுகிறது. முதல் பத்து படமும் காய்ந்த சேறு மாதிரி பழுப்பாக வந்தன. டேலைட்டில் மாற்றிய பிறகுதான் மண் மண்ணாக வந்தது. போன் கேமராவுக்கு நேர் எதிர் வியாதி, தக்காளிச் சட்னி மாதிரி காட்டுகிறது.

இந்தத் தடவை எல்லாமே ரா என்பதால், அன்றிரவு அறையில் உட்கார்ந்து ஒரே படத்தைப் பல விதமாகக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன். சிவப்பு ஃபில்டர் போட்ட மாதிரி மாற்றினால், சிவப்பு மண் வெளுத்துப்போய் பனிமலை மாதிரி ஆகிவிடுகிறது, நீல வானம் கறுத்துவிடுகிறது. நீல ஃபில்டர் மாதிரி மாற்றினால் மண் கரி, வானம் வெறும் வெள்ளை. அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமேட்டிக் பிளேட்டுகளுக்குச் சிவப்பு தெரியாது, ஆகவே நூறு வருஷத்துக்கு முன்னால் யாராவது பெட்டிக் கேமராவோடு இங்கே வந்திருந்தால் அவருக்குக் கிடைத்தது இந்தக் கரிக்காடாகத்தான் இருந்திருக்கும். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1927-ல் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறையை முதலில் மஞ்சள் ஃபில்டரில் எடுத்துவிட்டு, திருப்தி இல்லாமல் மிச்சமிருந்த கடைசி பிளேட்டைச் சிவப்பு ஃபில்டரில் எடுத்தார். வானம் கறுத்து, பாறை மிரட்டுகிற மாதிரி வந்தது, அதுதான் பேர் வாங்கிய படம். அவருக்குச் சரி, அது சாம்பல் நிறப் பாறை. என் பனிமலைத் தேரியும் அழகாகத்தான் இருந்தது, ஆனால் அதைத் தேரி என்று சொல்லிக் காட்ட எனக்கு வாய் வரவில்லை.

அன்று காலை ஒன்பது மணிக்கெல்லாம் காற்று எழுந்துவிட்டது. மணல் முழங்கால் உயரத்துக்குப் புகை மாதிரி ஓட, கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டுப் பதநீர் விற்கிற அக்கா பக்கத்தில் ஒதுங்கினேன். பட்டையில் ஊற்றிக்கொடுத்துவிட்டு, "என்ன தம்பி, மண்ணயா படம் புடிக்கீய?" என்றார். ஆமாம் என்றேன். "அதுக்கு இப்ப எதுக்கு வந்திய, வெயில் ஏறிட்டா வெளுத்துல்லா போவும். அஞ்சு மணிக்கு மேல வாங்க, ரத்தமா நிக்கும்." இதைத் தெரிந்துகொள்ள யூடியூபில் எத்தனை வீடியோ பார்த்தேனோ.

சாயந்திரம் வரை பொழுதைப் போக்க ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளத்துக்குப் போனேன். இது நிச்சயம் கறுப்பு வெள்ளைதான் என்று வழியிலேயே முடிவு பண்ணியிருந்தேன். வெள்ளை உப்பு அம்பாரம், கறுத்த வரப்பு, கட்டம் கட்டமாகப் பாத்தி, வேறென்ன வேண்டும்? உச்சி வெயிலில் கண்ணைத் திறக்க முடியவில்லை, அந்த வெளிச்சத்தில் நாள் முழுக்க நின்று உப்பு வாருகிறவர்களை நினைத்தால் நான் கூலிங் கிளாஸைத் துடைத்துக்கொண்டிருந்தது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. படங்கள் நினைத்தபடியே வந்தன. வண்ணத்தில் வெறும் வெளிறலாகத் தெரிந்த அம்பாரம், வண்ணத்தை எடுத்ததும் நிழல் ஏறி, ஓரம் வெட்டிக்கொண்டு நின்றது. இங்கே வண்ணத்துக்கு வேலையே இல்லை, வெறும் உருவமும் வெளிச்சமும்தான்.

திரும்பும்போதுதான் ஒதுக்குப்புறமாக ஒரு பாத்தி கண்ணில் பட்டது. தண்ணீர் ரோஸ் மில்க் நிறத்தில் கிடந்தது. உவர்ப்பு மிகவும் ஏறின தண்ணீரில் மட்டும் வாழ்கிற நுண்ணுயிர்கள் தருகிற நிறம் அது. போட்ட முடிவையெல்லாம் வரப்பிலேயே விட்டுவிட்டு, அதை வண்ணத்தில் மட்டும் முப்பது படம் எடுத்தேன்.

ஐந்து மணிக்கு மறுபடி தேரி. அக்கா சொன்னது அப்படியே. வெயில் சாய்ந்ததும் மேட்டின் ஒரு பக்கம் பற்றி எரிகிற மாதிரி சிவந்து, மறுபக்கம் நீலம் பாய்ந்த நிழல். அங்கே ஒரே ஒரு படத்தை மட்டும் கறுப்பு வெள்ளைக்கு என்று தனியாக எடுத்தேன். காற்று மணலை அரித்துக்கொண்டு போனதில் வேர் முழுக்க வெளியே தெரிய நின்ற ஒரு பனை. அதன் வேர்க்கற்றையைப் பார்க்கவிடாமல் சிவப்பு குறுக்கே வந்து நின்றுகொண்டே இருந்தது, சிவப்பை நீக்கியதும்தான் வேர் தெரிந்தது.

ஊருக்கு வந்து மூன்று படம் பிரின்ட் போட்டேன். சாயந்திரத் தேரியைப் பார்த்து அத்தை, "யாத்தி, இவ்வளவு சிவப்பா!" என்றார். பனை வேர் அவருக்குப் பிடிக்கவில்லை, பயமாக இருக்கிறதாம். ரோஸ் பாத்தியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கம்ப்யூட்டர்ல கலர் அடிச்சதுதானே?" என்றார்.