கையெழுத்து என்னுடையதுதான்

வலிப்புக்கு இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்துப் பார்த்தும் நிற்கவில்லை என்றால் மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்று கணக்கில் வைத்துவிடுகிறார்கள். நான் அப்போது நான்காவது மருந்தில் இருந்தேன். ஸ்கேனில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை, தலைக்கு மேலே ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்கிற ஈஈஜியில் வலது பக்கமா இடது பக்கமா என்பதே குழப்பம். அதனால் மண்டையோட்டில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, கம்பி மாதிரி இருக்கிற எலெக்ட்ரோடுகளை உள்ளே இறக்கி, வலிப்பு எங்கே கிளம்புகிறது என்று உள்ளிருந்தே பார்க்கலாம் என்று முடிவானது. எனக்கு 12 கம்பி. மருந்தைக் குறைத்துவிட்டு, கேமராவுக்கு முன்னால் படுக்க வைத்து, வலிப்பு வரட்டும் என்று ஒரு வாரம், இரண்டு வாரம் காத்திருப்பார்கள். வராதே வராதே என்று வருஷக்கணக்காக வேண்டிக்கொண்ட ஒன்றை, வந்து தொலை என்று கூப்பிட வேண்டிய நிலைமை.

சிகிச்சைக்கு ஒப்புதல் வாங்கிய விதத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆபரேஷன் செய்கிற டாக்டர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படம் போட்டுச் சொன்னார், ரத்தக் கசிவு வரலாம், கிருமித் தொற்று வரலாம் என்று எதையும் மறைக்கவில்லை, கடைசியில் "இப்போ நீங்க புரிஞ்சுகிட்டதை எனக்குச் சொல்லுங்க" என்று என் வாயாலேயே திரும்பக் கேட்டுக்கொண்டார். அப்படித்தான் கேட்க வேண்டும்.

ஐந்தாம் நாள் காலையில் லேப்டாப்போடு இரண்டு பேர் வந்து, நேற்று மாதிரியே போட்டோ காட்டுவோம், தெரிந்த முகம் வந்தால் பட்டனை அழுத்துங்கள் என்றார்கள். நேற்று மாதிரியா? எனக்கு நேற்று என்று ஒன்று நடந்த ஞாபகமே இல்லை. "நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்று ஓர் ஆராய்ச்சிக்கான ஒப்புதல் படிவத்தைக் காட்டினார்கள். என் கையெழுத்துதான். ஆனால் கோட்டை விட்டுக் கீழே சரிந்து, கடைசி எழுத்துக்குச் சுழி இல்லாமல் இருந்தது. பக்கத்தில் எழுதியிருந்த நேரம் 11.20. நர்ஸ் குறிப்பேட்டில் என் வலிப்பு பதிவான நேரம் 10.40. வலிப்பு முடிந்து ஒரு மணி நேரத்துக்கு என் பெயரைக் கேட்டாலே நான் யோசிப்பேன், இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அக்கா அந்த நேரம் பார்த்துக் கீழே போயிருந்தாள்.

ஆராய்ச்சியாளர்கள் எங்களைத் தேடி வருவதில் தப்பில்லை. உயிரோடு, விழிப்போடு இருக்கிற மனிதரின் மூளைக்குள் எலெக்ட்ரோடு இருக்கிற சந்தர்ப்பம் வேறு எங்கே கிடைக்கும்? குறிப்பிட்ட ஒரு ஆளின் வெவ்வேறு போட்டோக்களுக்குத் துடிக்கிற நரம்பணுக்கள் இருக்கின்றன என்று 2005இல் வெளியான கண்டுபிடிப்பே, என்னைப் போலப் படுத்துக்கிடந்த வலிப்பு நோயாளிகளிடமிருந்து வந்ததுதான். முதல் நாளே கேட்டிருந்தால் நானே சரி என்றிருப்பேன்.

வார்டு டாக்டரிடம் சொன்னேன். "சும்மா போட்டோ பார்க்கிறதுதானே" என்றார். கோபம் அப்போதுதான் வந்தது. ஆனால் கோபத்தைவிடப் பயம் பெரிசு, ஏனென்றால் ஆய்வுக்குழுவின் தலைவராகப் படிவத்தில் இருந்த பெயர் என் ஆபரேஷன் டாக்டருடையது, அவர் வைத்த கம்பி இன்னும் என் தலைக்குள் இருக்கிறது, அதை எடுக்கப்போவதும் அவர்தான். இந்த நிலைமையில் எத்தனை பேர் வாயைத் திறப்பார்கள்?

அக்கா திறந்தாள். ஆய்வைப் பற்றிய தகவல் தாளின் நகல் வேண்டும் என்று நின்றாள். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில், ஆய்வுகள் நியாயமாக நடக்கின்றனவா என்று பார்க்கிற நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருந்தது (உங்களிடம் நீட்டுகிற தாளில் இதைத்தான் முதலில் தேடுங்கள்). கூப்பிட்டோம், எழுத்தில் கொடுங்கள் என்றார்கள், கொடுத்தோம். நாங்கள் பிடித்துக்கொண்டது ஹெல்சிங்கி பிரகடனத்தை. மனிதர்களை வைத்துச் செய்கிற மருத்துவ ஆய்வுக்கான நெறிமுறை அது, உலக மருத்துவச் சங்கம் 1964இல் கொண்டுவந்து பலமுறை திருத்தியது. சிகிச்சைக்காக டாக்டரைச் சார்ந்திருக்கும் நோயாளியிடம், அந்த உறவுக்கு வெளியே உள்ள, விவரம் தெரிந்த ஒருவர்தான் ஆய்வுக்கு ஒப்புதல் கேட்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. மறுத்தாலும் பாதியில் விலகினாலும் டாக்டருக்கும் நோயாளிக்கும் உள்ள உறவு கெடக்கூடாது என்றும் இருக்கிறது.

அந்த ஒப்புதல் செல்லாது என்று நெறிமுறைக் குழு ஒத்துக்கொண்டது. அடுத்த கேள்வி, பதிவானதை என்ன செய்வது? இங்கேதான் சிக்கல். சிகிச்சைக்காக 24 மணி நேரமும் ஓடுகிற பதிவு என் மருத்துவ ஆவணம், அதை அழிக்க முடியாது, நானும் கேட்கவில்லை. ஆய்வுக்காக அதிலிருந்து வெட்டி எடுத்த பகுதி வேறொரு கணினிக்கு ஏற்கெனவே போயிருந்தது. பெயரை எடுத்துவிட்டுக் குறியீட்டு எண் போட்டிருக்கிறோம் என்றார்கள். சரி, குரல்? கேமராவில் மைக் உண்டு. நான் ராத்திரியில் அக்காவிடம் அழுதது, எனக்கு நினைவே இல்லாத வலிப்பு நேரத்து உளறல் எல்லாம் அதில் இருக்கும். சிலி நாட்டில் 2021இல் மூளைச் செயல்பாட்டையும் அதிலிருந்து கிடைக்கும் தகவலையும் பாதுகாக்க அரசியல் சாசனத்தையே திருத்தினார்கள் என்று எப்போதோ படித்தபோது, இதெல்லாம் கொஞ்சம் ஓவர் என்று நினைத்திருந்தேன். இப்போது நினைக்கவில்லை. வெட்டி எடுத்ததை அழித்துவிட்டதாகக் கடிதம் வாங்கிக்கொண்டோம். எல்லோருடைய தரவோடும் சேர்த்துக் கணக்குப் போட்டு முடித்த பிறகு கேட்டால் பெரும்பாலும் பிரித்தெடுக்க முடியாது, அதனால் விலகுவதென்றால் சீக்கிரம் சொல்லிவிடுங்கள்.

சாயங்காலம் ஆபரேஷன் டாக்டர் வந்தார். கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அந்த நேரத்துல கேட்டிருக்கக் கூடாது" என்றார். அவர் கேட்கவில்லை, கேட்க அனுப்பியவர் அவ்வளவுதான். இருந்தாலும் சமாதானமாக இருந்தது.

அங்கே படுத்திருந்தபோது ஹென்றி மோலேசனைத்தான் அடிக்கடி நினைத்துக்கொண்டேன். வலிப்புக்காக 1953இல் மூளையின் இரு பக்கத்திலும் ஒரு பகுதியை வெட்டி எடுத்ததில் புதிதாக எதையும் ஞாபகம் வைக்க முடியாமல் போனவர். 2008இல் சாகும்வரை அவரை ஆராய்ந்தார்கள். நேற்றுச் சொன்ன "சரி" இன்றைக்கு நினைவில்லாத ஒருவரிடம் ஒரு கையெழுத்துக்கு என்ன மதிப்பு? எனக்கு அந்த நிலைமை ஒவ்வொரு வலிப்புக்குப் பிறகும் ஒரு மணி நேரம்தான், ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில்தானே வந்தார்கள்.

எட்டாம் நாள், ஆய்வுக்குழுவில் இல்லாத ஒருவர் காலையில், அக்கா இருக்கும்போது வந்து புதிதாகக் கேட்டார். நான் நிபந்தனை போட்டேன். வலிப்பு வந்த அன்றைக்கு வேண்டாம். குரல் சேரக் கூடாது. ஒவ்வொரு தடவையும் தொடங்குமுன் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் படிவத்தில் பேனாவால் எழுதி, இரண்டு பேரும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டோம்.

மூன்று தடவை செய்தேன். பயங்கர போர், போட்டோவாக ஓடிக்கொண்டே இருக்கும். நான்காவது தடவை வந்தபோது எனக்குத் தூக்கம் வந்தது, இன்றைக்கு வேண்டாம் என்றேன். சரி என்று லேப்டாப்பை மூடிக்கொண்டு போனார்கள்.