சாரல் காலத்துக் காளான் குறிப்புகள்

ஜூன் 8, புளியரை

கணவாய் வழியாக இறங்கிய சாரல் இரவு முழுக்க விடவில்லை. நடுவே இடியும் சேர்ந்துகொண்டது. விடியுமுன் பக்கத்து வீட்டு ஆச்சி கதவைத் தட்டிவிட்டார். "இடி இடித்திருக்கிறது, புற்றுக்காளான் கிளம்பியிருக்கும், வா தாயி." இடியில் ஒன்றுமில்லை, மண்ணில் ஊறிய ஈரம்தான் காரணம். ஆனாலும் அந்த நேரத்தில் ஆச்சியிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை.

தோப்பு வரப்போரம் இருந்தன. சாம்பல் கலந்த வெள்ளைக் குடை, உச்சியில் கூரான முனை. இறுகிய மண்ணைத் துளைத்து வருவது அந்த முனையால்தான். ஆச்சி தண்டைப் பிடித்து இழுக்காமல் சுற்றிலும் குச்சியால் கிளறினார். தண்டு மண்ணுக்குள் வேர்போல மெலிந்து போய்க்கொண்டே இருந்தது; முழங்கை ஆழத்திலும் முடியவில்லை. அடியில் கரையான் கூடு. மென்ற மரத்தூளையும் சருகையும் கடற்பஞ்சுபோல அடுக்கி, அதில் இந்தப் பூஞ்சையை வளர்த்துத் தின்கின்றன கரையான்கள். கரையான் இல்லாமல் இது விளையாது. சிப்பிக்காளானைப் போல வைக்கோல் படுக்கையில் வளர்க்கிற கதை இங்கே நடக்காது. டெர்மிட்டோமைசிஸ் என்ற இதன் அறிவியல் பெயரிலேயே கரையான் (டெர்மைட்) இருக்கிறது.

ஜூன் 15

இன்று வித்துத்தூள் பதிவு, அதாவது காளான் உதிர்க்கும் தூளின் நிறத்தைப் பார்த்து வகை அறிவது. தண்டை நறுக்கிவிட்டு, குடையை மடிப்புகள் கீழே இருக்கும்படி தாளில் கவிழ்த்து, மேலே டம்ளரால் மூடி, இரவு முழுக்க விட வேண்டும். தாள் பாதி வெள்ளை, பாதி கறுப்பாக இருந்தால் எந்த நிறத் தூளும் தெரியும். புற்றுக்காளான் ஒன்று, மைதானப் புல்லில் முளைத்த பெரிய வெள்ளைக் குடை ஒன்று. இரண்டாவதைப் பார்த்தால் யாருக்கும் நாக்கில் நீர் ஊறும்.

ஜூன் 16

புற்றுக்காளான் வெளிர் இளஞ்சிவப்பாகத் தூள் உதிர்த்திருக்கிறது. மைதானத்துக் குடை பாசி நிறத்தில், மடிப்பு மடிப்பாகக் கோடு போட்டதுபோல! குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ். தின்றால் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் வாட்டி எடுக்கும். இளசாக இருக்கும்போது அதன் மடிப்புகளும் வெள்ளைதான். பச்சை பிறகே ஏறுகிறது. ஆள் ஏமாறுவது அங்கேதான்.

ஜூன் 27

விறகுக்கட்டையில் விசிறிக்காளான். மடிப்பு ஒவ்வொன்றும் விளிம்பில் இரண்டாகப் பிளந்திருக்கிறது. வெயிலில் சுருண்டுகொள்ளும், ஈரம் பட்டால் மறுபடி விரியும். தோப்பில் ஒரு தென்னையின் அடியில் பழுப்பாகப் பளபளக்கும் கானோடெர்மா காளான். தஞ்சாவூர் வாடல் நோய் என்கிறார்களே, அதற்குக் காரணமானது. இது வெளியே தெரியும்போது மரம் உள்ளே வெகுவாகக் கெட்டிருக்கும். தோப்புக்கார அண்ணாச்சியிடம் சொன்னேன். "அழகாகத்தானே இருக்கிறது" என்றார்.

ஜூலை 11, தென்மலை

மதினி வீட்டுக்கு ஆச்சியும் வந்தார். வீட்டுக்குப் பின்னால் மரத்தடியில் வெள்ளை வெளேரென்று காளான் கூட்டம். ஆச்சி குனிந்து பார்த்தார், முகர்ந்தார், தொடவில்லை. "நம்ம வரப்பில் என்றால் சொல்வேன். இந்த இடம் எனக்குத் தெரியாது." அவருக்குக் காளானைவிட அது முளைக்கும் இடம்தான் அத்துப்படி, எந்த வரப்பு, எந்தப் புற்று, எந்த மழைக்குப் பின் என்று. என் படிப்பு வேறு வழியில் போகிறது, ஆனால் அன்று இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

ஒன்றை அடியோடு தோண்டினேன். தண்டின் மேலே வளையம், அடியில் மண்ணுக்குள் கிழிந்த பை. அமானிட்டா வகை. மேலோடு கிள்ளியிருந்தால் அந்தப் பை மண்ணிலேயே தங்கியிருக்கும். இந்த வகையில் கொடியவை சில உண்டு. தின்றவருக்கு ஆறு மணி நேரம் கழித்தோ, மறுநாளோதான் வாந்தி தொடங்கும். இடையில் தேறிவிட்டதுபோல் தோன்றும், பிறகு கல்லீரல் போய்விடும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

மதினியோ அதற்குள் ஒரு கூடை பறித்து, மஞ்சள்தூள் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார். மஞ்சள், வெள்ளிக்காசு, பூச்சி அரித்த அடையாளம் எதுவும் நஞ்சைக் காட்டாது என்று சொல்லி, கூடையைக் குழியில் கொட்ட வைப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. "நிறம் மாறவே இல்லையே" என்று இரவுச் சாப்பாட்டிலும் ஆதங்கப்பட்டார்.